மூன்று கிலோ தண்ணீர்

மூன்று ஜோடி ஸ்பிரிங்குகளை
மேசைமேல் நிறுத்தினாள் மிர்யா.
ஒரே கறுப்பு, ஒரே உயரம்.
கம்பியின் பருமனில் மட்டும்
நகக்கண் அளவு வித்தியாசம்.
ஒரு மில்லிமீட்டர் அமுங்க
முதலாவது பதினெட்டு நியூட்டன் கேட்கும்,
அடுத்தது இருபத்து நான்கு,
கடைசி முப்பத்திரண்டு.
"வண்டி எதற்கு?" என்றாள்.

எதற்கு என்றால் எதைச் சொல்ல.
வீட்டில் இருப்பது ஒரே வோல்வோ.
சனிக்கிழமை அது என்னுடையது:
சரளைத் தடத்தில் ஆறு சுற்று,
கதவில் சுண்ணாம்பு வெள்ளையில் நாற்பத்தேழு,
வளைவில் இடுப்பொடியாத கார் யாருடையதோ
அவர்களுக்குக் கோப்பை.
திங்கள், புதன், வெள்ளி
அது வெய்க்கோவுடையது:
கூமோவிலிருந்து கயானி ஆஸ்பத்திரிக்கு
நூறு கிலோமீட்டர்,
நான்கு மணிநேரம்
ரத்தம் குழாய் வழியே வெளியே போய்
துவைத்து வரும்வரை காத்திருந்து
மறுபடி அதே நூறு.

மே மாதம்.
உறைந்த மண் இளகி
சாலையின் அடிவயிறு உப்பிக் கிடக்கிறது.

பதினெட்டை எடுத்தேன்.
கோப்பை போனால் போகிறது,
ஊசி இறங்கிய கை குலுங்கக் கூடாது.
தியாகம் என்றொரு நினைப்பு
அப்போது எனக்கு இருந்தது.
மிர்யாவிடம் சொல்லவும் செய்தேன்.
அவள் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

ஞாயிறு முழுக்கக் கராஜில்.
இடுக்கியில் அடங்கி நிற்கிற ஸ்பிரிங்குக்கு எதிரே
முகத்தைக் கொண்டுபோகக் கூடாது;
அது அடங்கியதாக நாம்தான் நினைக்கிறோம்.
மாட்டி முடித்து,
அவரை முன்சீட்டில் உட்காரவைத்து,
சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை
டேப் பிடித்தேன்.
"மூச்சை அடக்கட்டுமா?" என்றார்.
"அதெல்லாம் கணக்கில் வராது."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
அவருக்குள் சேர்ந்த தண்ணீர் மூன்று கிலோ.
கணுக்காலில் கொஞ்சம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம்.
ஸ்பிரிங்குக்கு அது
ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
டேப்புக்குத் தெரியாது.
தெரிந்தும் இரண்டு முறை அளந்தேன்.

திங்கள் காலை
முதல் அறுபது கிலோமீட்டர் படகுதான்.
அவர் வாய் திறந்து தூங்கினார்.
சொத்கமோ தாண்டி, பாலத்துக்கு முன்னால்
ஒரு மேடு, உடனே ஒரு பள்ளம்.
கார் இறங்கியது,
இறங்கியது,
இனி இறங்க இடமில்லாத இடத்தில்
ரப்பர் நசுங்கி
டங்கென்று இரும்பு.
கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்
முப்பது வருடத்தில் நான் கேட்டிராத
ஒரு வார்த்தை சொன்னார்.

நான் வாங்கியது மென்மை.
அது தீர்ந்துபோகும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில்
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
நின்றபடியே எவ்வளவு இறங்கிவிட்டது,
விழுந்தால் மிச்சம் எவ்வளவு.
மிச்சம் மூன்று விரல்.
போனில் அவரிடமிருந்து செய்தி,
படுக்கையிலிருந்து, ஒற்றைக் கையால்:
"நடுவில் இருந்ததை வாங்கு."
இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று:
"உனக்காக இல்லை."

மிர்யா பழையதைத் திருப்பி எடுக்கவில்லை.
எடுக்க மாட்டாள் என்று தெரியும்.
இருபத்து நான்கோடு
தேய்ந்த டேம்பர்களையும் மாற்றச் சொன்னாள்,
ஸ்பிரிங் எழும்பும்போது
பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.
அந்த மாதம் இறைச்சி குறைவாகச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை பதினொரு பேரில் ஏழாவது.

இப்போது ஒவ்வொரு கல்லையும்
தாழ்ந்த குரலில் சொல்கிறது கார்,
எதையும் மறைப்பதில்லை,
கத்துவதுமில்லை.

புதன்கிழமை திரும்பும்போது
மூன்று கிலோ குறைந்த மனிதர் பக்கத்தில்.
ஒரு காலத்தில் ராலிகளில்
எனக்குச் சாலையை வாசித்துச் சொன்னவர்.
வளைவில் கொஞ்சம்,
கொஞ்சம்தான், வேகம் கூட்டினேன்.
வண்டி நிமிர்ந்தே திரும்பியது.
பாலம் வந்தது.
கண் மூடியபடியே அவர்
"மேடு" என்றார்.

மேடு பின்னால் போய்
ஒரு நிமிடம் ஆகியிருந்தது.